நாலாம் பங்குக்கு ஒரு சுவிச்சு

இறுப்பிட்டியில் குலசிங்கத்தார் வீட்டுக் குசினியில் போன இதழில் இராச் சாப்பாட்டு இடியப்பத்தோடு நின்றுபோன கதை அந்த வீட்டாருக்கே இன்னும் செமிக்கவில்லை. வாசகர்களுக்கு எப்படிச் செமித்திருக்கும்?

ரொறன்ரோவிலிருந்து பல வருசம் கழித்து வந்திருக்கும் மூத்தவன் சுஜிதன், தங்கை துஷாந்தி செய்து வைத்திருந்த மின்சுற்றுப் பலகையைக் கையில் எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "எந்த சொஃப்ட்வெயரிலை கீறினனீ?" என்று கேட்டான். அவள் பெயரைச் சொன்னாள். "அது இலவசமாக் கிடைக்கிறதெல்லோ," என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. துஷாந்தி மிச்ச இடியப்பத்தை நாய்க்குப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் அந்தக் கிணற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

குலசிங்கத்தாரின் தோட்டக் கிணறு நாலு பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் முறை. அந்த நாளில் அந்தப் பங்குக்காரர்தான் இறைக்கலாம். மற்றவர்கள் ஒரு வாளி கூடக் கேட்டுத்தான் அள்ள வேண்டும். கடல் சூழ்ந்த இந்தத் தீவில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது. அதற்குக் கீழே உவர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும்.

போன ஆவணியில் அப்படித்தான் ஏறியது. மிளகாய்க் கன்றுகளின் இலை ஓரமெல்லாம் கருகிப் போயிற்று. "இன்னொரு வருசம் இப்பிடி வந்தால் தோட்டத்தை விட்டிட்டுத் தம்பி சுஜிதனோடை கனடாவுக்குப் போயிடுவன்," என்று குலசிங்கத்தார் வாய்விட்டுச் சொன்னார். மனைவியைப் பறிகொடுத்தபோது கூட அவர் இந்த வீட்டை விடுவதாகச் சொன்னதில்லை. அப்பா சொன்ன அந்தச் சொல்தான் துஷாந்தியை இரவு பகலாக மேசைக்கு முன்னால் இருத்தியது.

அவள் செய்தது இதுதான். கிணற்றடி மோட்டருக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பலகை. பங்குக்காரருக்கு ஆளுக்கொரு சுவிச்சு. அமத்தினால் பேசி வைத்த நேரத்துக்கு மோட்டர் ஓடும். இறைபடும் தண்ணீரில் உப்பு ஏறினால், நேரம் இருந்தாலும் மோட்டர் தானாக நின்றுவிடும். பிறகு ஊறித் தெளிந்தால்தான் மறுபடி ஓடும்.

இன்றைக்கு அதைக் கிணற்றடியில் பூட்ட வேண்டும். பின்னேரம் பங்குக்காரர்கள் வருவார்கள். கனடாவில் வைத்தியசாலைக் கருவிகளுக்குப் பலகை கீறும் அண்ணன் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் போதும், அவர்கள் வேண்டாம் என்று விடுவார்கள். அந்தப் பயத்தோடுதான் அவளுக்கு விடிந்தது.

சுஜிதன் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

"கோபமோ?"

"இல்லை."

"இல்லையெண்டால் ஏன் நாய்க்கு இடியப்பம் போட்டனீ?"

"அதுக்கும் பசிக்குந்தானே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போன அண்ணன் இவன். இவ்வளவு காலமும் அவளுக்கு அவன் தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல்தான். அந்தக் குரலுக்கு நரைத்த கிருதாவும் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்கிற பழக்கமும் இருப்பது இந்தக் கிழமைதான் தெரிந்தது.

"சரி, திற. வடிவாப் பாப்பம்," என்றான்.

துஷாந்தி மடிக்கணினியைத் திறந்தாள். பலகையின் படம் சிவப்பும் நீலமுமாக விரிந்தது. அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"நான் ஏன் கேட்டனான் எண்டு சொல்லுறன், கேள். பழகிறதுக்கு உது நல்ல சாமான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இது பழகிறதுக்குச் செய்த வேலை இல்லை. கிணத்தடியிலை, ஈரத்திலை, வீட்டுக் கரண்டிலை ஓடப் போற சாமான்."

"அதாலைதான் இதுக்கு மாறினனான்," என்றாள் துஷாந்தி. "முதல் ஒரு கொம்பனியின்ரை இலவசப் பதிப்பிலைதான் கீறினனான். ஒரு அளவுக்கு மேலை போர்ட்டைப் பெருப்பிக்க விடாது. பெரிசாக்க வேணுமெண்டால் சந்தா கட்டு எண்டு வந்து நிக்கும். மோட்டருக்குப் போற கரண்டையும் மற்றதுகளையும் நெருக்கி நெருக்கிப் போட வேண்டி வந்தது. பயத்திலை விட்டிட்டன். இது ஆக்கள் சேர்ந்து செய்து எல்லாருக்கும் விட்டது. அளவும் கேக்காது, காசும் கேக்காது. விலகி நிக்க வேண்டியதுகளை விலத்தி வைக்கலாம்."

"அது நல்லது. ஆனால் பலகையிலை பூட்டிற ஒவ்வொரு உறுப்பின்ரை கால் அளவையும் ஆரோ எங்கையோ இருந்து கீறிப் போட்டிருப்பான். அவன் பிழையாக் கீறியிருந்தால் ஆர் பொறுப்பு? எங்கடை கொம்பனியிலை ஒரு உறுப்பின்ரை படம் உள்ளுக்குப் போறதெண்டால் ரெண்டு பேர் பாத்துச் சரியெண்டு சொல்ல வேணும்."

"இஞ்சையும் ரெண்டு பேர் பாத்தவை."

"ஆர்?"

"நானும் அப்பாவும்."

அவன் வாய்க்கு வந்த பகிடியைச் சொல்ல முதல் அவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து சாமான் பெட்டிக்குள் அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோம் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். அதன் மேல் பலகையின் படம் அசல் அளவில் அச்சடித்து ஒட்டியிருந்தது. தாள் முழுக்கக் குத்தின துளை.

"பலகை செய்யிற பக்ரறிக்கு அனுப்ப முதல் தாளிலை அடிச்சு ஒட்டினனான். நான் உறுப்பை எடுத்துக் குடுக்க அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாக் குத்திப் பாத்தவர். இறங்குது, இறங்குது எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர், மோட்டரைப் போட்டு நிப்பாட்டிற இந்த ரிலேயிலை வந்து நிண்டிட்டார். 'பிள்ளை, இதுக்கு ஒரு கால் வெளியிலை நிக்குது' எண்டார். அது ஆரோ பிழையாக் கீறி வைச்சதுதான். நான் அளந்து புதுசாக் கீறினனான். கீறினதைத் திருப்பி அங்கையே அனுப்பி விட்டனான், மற்ற ஆக்களுக்கும் உதவட்டுமெண்டு."

சுஜிதன் ரெஜிபோம் துண்டை வாங்கிப் பார்த்தான். ரிலே இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் கோணலாகக் கிழிந்திருந்தது. அப்பா எத்தனை தரம் குத்திப் பார்த்திருக்கிறார் என்பது அதில் தெரிந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்தான். பகிடி வாயிலேயே நின்றுவிட்டது.

"சரி," என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தான். "கடைசிப் பரிசோதனையை ஒருக்கா ஓட்டிக் காட்டு."

வரைந்ததில் பிழை ஏதும் இருக்கிறதா என்று மென்பொருளே தேடிச் சொல்லும் பரிசோதனை அது. துஷாந்தி அமத்தினாள். எல்லாம் பச்சையாக வந்தது. ஒரு வரி மட்டும் சிவப்பில் நின்றது. இணைக்கப்படாதது ஒன்று.

சுஜிதன் நிமிர்ந்து இருந்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோசம் முகத்தில் ஒளிக்க முடியாமல் தெரிந்தது.

"இதைத்தான் சொன்னனான். நாலாவது சுவிச்சுக்குக் கம்பியே போகேல்லை. சுவிச்சு இருக்கு, லைற் இருக்கு, ஒண்டுக்கும் தொடுப்பில்லை. உந்தப் பிழையோடையோ பக்ரறிக்கு அனுப்பினனீ?"

"தெரிஞ்சுதான் அனுப்பினனான்."

"தெரிஞ்சோ?"

துஷாந்தி மேசையிலிருந்த பலகையை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தாள். சுவிச்சுகளுக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் இருந்தன. குலசிங்கம். சசிகரன். அன்னபூரணம். நாலாவதில் சுஜிதன்.

"உது உங்கடை சுவிச்சு, அண்ணை."

அவன் பலகையைக் கிட்ட இழுத்துத் தன் பெயரைப் பார்த்தான்.

"தமிழ் எழுத்து மட்டும் உந்த சொஃப்ட்வெயருக்குச் சரிவராது," என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள். அவன் பேசாமல் இருந்தால் அவளுக்குப் பேச்சு கூடிவிடும். "புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாப் போகும். படமாக் கீறி ஒட்டினனான். அம்மா தன்ரை சீதனப் பங்கை உங்கடை பேரிலைதானே எழுதினவ. நீங்கள் வெளிக்கிட்ட கிழமை. எனக்கு எழுதாமல் ஏன் உங்களுக்கு எழுதினவ எண்டு நான் ஒருநாள் கேட்டனான். 'அவன் திரும்பி வாறதுக்கு ஒரு சாட்டு வேணும், மோளே' எண்டவ. அண்டையிலை இருந்து உங்கடை முறையண்டைக்கு இந்தக் கிணத்திலை ஆரும் மோட்டர் போடுறேல்லை. அப்பா விட மாட்டார். 'தம்பியின்ரை நாள்' எண்டு சொல்லிப் போடுவார்."

"இவ்வளவு காலமுமோ?"

"இவ்வளவு காலமும். அந்த ஒரு நாள்தான் கிணறு ஆறுற நாள். சுத்தியுள்ள கிணறுகளெல்லாம் எப்பவோ உவராப் போச்சு, எங்கடை மட்டும் தப்பி நிக்குதெண்டால் அந்த ஒரு நாளாலைதான். நான் உப்பளந்து பாத்தனான். உங்கடை நாள் கழிஞ்ச விடியக் காலமைதான் தண்ணி ஆக நல்லா இருக்கும். சுவிச்சுக்குத் தொடுப்பைக் குடுத்தால், இருக்குது தானே எண்டு ஆராவது அமத்திப் போடுவினம். அதாலை உங்கடை பேரை வைச்சு, கம்பியை மட்டும் போடாமல் விட்டனான். அது பிழை எண்டு சொஃப்ட்வெயர் சொல்லும். சொல்லட்டும், நான் செய்தது எனக்குத் தெரியும்."

பாராட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். குறைந்தது ஒரு சிரிப்பாவது வரும் என்று நினைத்தாள். சுஜிதனின் முகம் கறுத்துப் போயிற்று. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய தொலைபேசி அடித்தது. பெயரைப் பார்த்தவன் எழும்பி வேலிக்கரைக்குப் போய்விட்டான். "இண்டைக்கு வேண்டாம்," என்று சொல்வது மட்டும் துஷாந்தியின் காதில் விழுந்தது. "நாளைக்குக் கதைப்பம்." அண்ணியோடு ஏதோ கொழுவல் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புருசன் பெண்சாதி விசயத்தில் நாத்தனார் தலையைப் போடுவது அழகில்லை என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மத்தியானம் மூவரும் கிணற்றடிக்குப் போனார்கள். குலசிங்கத்தார் இரும்புப் பெட்டியைச் சுவரில் அறைந்து தயாராக வைத்திருந்தார். மகனும் மகளும் சேர்ந்து ஒரு வேலை செய்வதை அவர் இதுவரை கண்டதில்லை. அந்தச் சந்தோசத்தில் தேவையில்லாத ஆணிகளை எல்லாம் தேய்த்துத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பலகையைப் பெட்டிக்குள் வைத்து நாலு மூலைக்கும் ஸ்குரூ போட வேண்டும். துஷாந்தி மூன்றைப் போட்டுவிட்டாள். நாலாவதை முறுக்கப் போகும்போது சுஜிதன் அவளுடைய கையைப் பிடித்தான்.

"பொறு. எடு அதை."

அவன் குனிந்து பலகையின் மூலையைப் பார்த்தான். விரலால் காட்டினான். மோட்டருக்குக் கரண்ட் போகும் செப்புத் தடம் அந்தத் துளைக்கு மிகக் கிட்டவாகப் போயிற்று.

"துளைக்கும் தடத்துக்கும் இடைவெளி இருக்கு. ஆனால் ஸ்குரூவின்ரை தலை துளையை விடப் பெரிசு. முறுக்கினால் தலை தடத்துக்கு மேலை ஏறி இருக்கும். நடுவிலை இருக்கிறது அந்தப் பச்சைப் பூச்சு மட்டுந்தான். அது ஒரு நாள் உரஞ்சுப்பட்டால் பெட்டி முழுக்கக் கரண்ட். ஈரக் கையோடை அப்பா கதவைத் திறப்பார்."

துஷாந்தி குனிந்து பார்த்தாள். ஸ்குரூ கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. எத்தனை தரம் பார்த்திருப்பாள். பரிசோதனை இதைச் சொல்லவே இல்லை. அண்ணன் சொன்னது சரிதான், இலவசத்தை நம்பி அப்பாவைக் கொல்லப் பார்த்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"அது சொல்லேல்லை, அண்ணை. துளைக்குக் கிட்ட எண்டு ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லாது," என்றான் சுஜிதன். "துளை எவ்வளவு எண்டு நீ சொன்னனீ. ஸ்குரூத் தலை எவ்வளவு எண்டு சொல்லேல்லை. கேக்காததை அது என்னெண்டு பாக்கும்? எங்கடை கொம்பனியிலை இருக்கிறதும் சொல்லாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசிலை இதே பிழையை விட்டனான். அது சொல்லேல்லை. ரெண்டு பேர் பாத்து ஓமெண்டவை, அவையும் காணேல்லை. கரண்டைக் குடுத்தோடனை புகைச்சுக்கொண்டு போட்டுது. நான் கழுவிற அறைக்குள்ளை போய் நிண்டு அழுதனான்."

"நீங்களோ?"

"நான்தான். அம்மாட்டைச் சொல்லேல்லை. உனக்குத்தான் முதல் சொல்லுறன்."

துஷாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசத்தில் அண்ணன் தன்னிடம் இறங்கி வந்து பேசியது இதுதான் முதல் தரம் என்று தோன்றிற்று. அவன் அதைக் கவனிக்காதவன் போல வீட்டுக்குள் போய், பயணப் பெட்டியின் ஸிப்பைப் பூட்டக் கொண்டுவந்த பிளாஸ்ரிக் நாடாக்களில் கட்டாமல் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து வந்தான். நாலாவது மூலையை ஸ்குரூ இல்லாமல் அந்த நாடாவால் இறுக்கிக் கட்டினான். மிச்ச வாலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"அடுத்த முறை கீறேக்கை ஸ்குரூத் தலைக்கு ஒரு வட்டம் போட்டு, உதுக்குள்ளை ஆரும் வரக் கூடாது எண்டு வை. அதுக்கு இடமிருக்கு உன்ரை சொஃப்ட்வெயரிலை. நான் பாத்தனான்."

"எப்ப பாத்தனீங்கள்?"

"ராத்திரி நித்திரை வரேல்லை. நானும் இறக்கிப் பாத்தனான்," என்று அவளைப் பாராமல் சொன்னான்.

பின்னேரம் பங்குக்காரர் இருவரும் வந்தார்கள். அதிகாரம் பண்ணிப் பேசுகிறவர் போல சசிகரன் முன்னுக்கு வந்தார். அன்னபூரணம் அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தார்.

இன்றைக்கு முறை சுஜிதனுடையது. குலசிங்கத்தார் அதை மறக்கவில்லை. மோட்டரை ஓடவிட்டுப் பார்க்க முதல் மகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இண்டைக்கு உன்ரை நாள். உன்ரை முறையிலை கொஞ்ச நேரம் மோட்டரைப் போட்டுப் பாக்கவோ?"

பகிடி என்று நினைத்து துஷாந்தி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. சுஜிதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னட்டை ஏன் அப்பா கேக்கிறியள், போடுங்கோ," என்றான்.

சசிகரன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "துஷாந்தி, நீர் குறை நினைக்கக் கூடாது. இது இலவசமாக் கிடைச்சதிலை கீறினதெண்டு அப்பா கடையிலை வைச்சுச் சொன்னவர். இலவசமாக் கரண்டும் அடிச்சிடுமோ எண்டு எனக்கொரு பயம். தம்பி சுஜிதன் இதிலைதானே தொழில். அவர் சொல்லட்டும்."

எல்லாருடைய கண்ணும் சுஜிதனிடம் போயிற்று.

"முதல் நானும் உங்களைப் போலைதான் கதைச்சனான், அண்ணை. அது என்ரை பிழை," என்றான் சுஜிதன். "நான் முழுக்கப் பாத்தனான். ஒரு பிழை இருந்தது, திருத்தியாச்சு. அந்தப் பிழை காசு குடுத்து வாங்கினதிலை கீறினாலும் வந்திருக்கும், எனக்கே வந்தது. இதிலை இருக்கிற வேலையை எங்கடை கொம்பனியிலை ஒருத்தர் கொண்டுவந்து காட்டினால் நான் ஓமெண்டுதான் சொல்லுவன். என்ரை தங்கச்சி எண்டதுக்காகச் சொல்லேல்லை."

துஷாந்தி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் செய்தேனோ என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை விடச் சந்தோசம்தான் கூட.

குலசிங்கத்தார் தன் சுவிச்சை அமத்தினார். பச்சை லைற் பிடித்தது. மோட்டர் உறுமி, தொட்டிக்குள் தண்ணீர் பாய்ந்தது. அவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு சசிகரனின் சுவிச்சு. பிறகு அன்னபூரணம் அக்கா. எல்லாம் சொன்னபடி ஓடிற்று.

கடைசியாக ஒரு வாளிக்குள், காலையில் சைக்கிளில் போய் அள்ளி வந்த கடல் தண்ணீரை ஊற்றினார் குலசிங்கத்தார். தண்ணீரின் உப்பை அளக்கும் கம்பிகளை துஷாந்தி எடுத்து அதற்குள் விட்டாள். சிவப்பு லைற் பிடித்தது. மோட்டர் நின்றது.

"எங்கடை நாக்கை விட இது கெதியாச் சொல்லுது," என்றார் அன்னபூரணம் அக்கா. "இனி நான் ஒவ்வொரு நாளும் உவர்த் தண்ணி குடிச்சுப் பாக்கத் தேவையில்லை."

சசிகரனுக்கும் பிடித்துவிட்டது. தன் மச்சானின் கிணற்றுக்கும் இப்படி ஒன்று செய்து தர ஏலுமோ என்று போகிற போக்கில் கேட்டார். ஓம் என்றாள் துஷாந்தி. இருவரும் படலையைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

கிணற்றடியில் அப்பாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் மட்டும் நின்றார்கள். வெயில் தாழ்ந்து பனைகளுக்குப் பின்னால் போயிருந்தது.

"எல்லாற்றை சுவிச்சும் பாத்தாச்சு," என்றார் குலசிங்கத்தார். "தம்பி, உன்ரையையும் ஒருக்கா அமத்து. ஓடாதெண்டு தெரியும். பிள்ளை சொன்னவள். எண்டாலும் உன்ரை பேர் போட்டிருக்கு, உன்ரை கை பட வேணும்."

சுஜிதன் பெட்டிக்குக் கிட்டப் போனான். விரலைச் சுவிச்சுக்கு மேலே கொண்டுபோனான். அமத்தவில்லை. அப்படியே நின்றான்.

"என்ன அண்ணை?"

"அந்தப் பேரை எடுக்க வேண்டி வரும், அப்பா."

"ஏன்?"

"பங்கை எழுதிக் குடுத்திட்டன். மடத்துவெளிக் கனகசபை மாமாவுக்கு. போன மாசம் அங்கை இருந்து ஒப்பம் வைச்சு அனுப்பினனான். உங்களுக்கு நேரிலை சொல்லுவம் எண்டுதான் வந்தனான். வந்த நாள் தொடக்கம் வாய் வரேல்லை. இண்டைக்குக் காலமை அவர்தான் போன் எடுத்தவர்."

கனகசபையைத் தீவில் தெரியாதவர் இல்லை. பதுளையில் கடை வைத்திருந்த குடும்பம். பிள்ளைகள் எல்லாரும் சுவிஸ். மேற்கு வேலிக்கு அங்கால் மாடி வீடு கட்டுகிறார். மொட்டை மாடியில் பெரிய பெரிய தண்ணீர்த் தாங்கிகள் ஏற்கெனவே ஏறிவிட்டன. அவற்றை நிரப்பத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஊர் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"ஒருத்தரும் பாவிக்காத பங்கு எண்டு நினைச்சன்," என்றான் சுஜிதன். காலி வாளி ஒன்றைக் கையில் எடுத்தான். "அது ஒரு நாளும் இறைக்காமல் கிடக்கிறதாலைதான் கிணறு தப்பி நிக்குது எண்டு எனக்குத் தெரியாது, அப்பா. ஆரும் சொல்லேல்லை."

சொல்லவில்லைதான். தொலைபேசியில் சாப்பிட்டியா என்று கேட்டார்கள். பனி கொட்டுதா என்று கேட்டார்கள். உன் நாளுக்கு நாங்கள் மோட்டர் போடுவதில்லை என்று எந்தத் தகப்பன் மகனுக்குச் சொல்வான்? அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்கள் மறந்திருப்பார்கள் என்று அவன் நினைத்தான்.

துஷாந்திக்குக் கோபம் வந்தது. அம்மாவை நினைத்து வந்தது. இத்தனை நாளும் கண்விழித்துக் கீறியதை நினைத்து வந்தது. உவர் ஏறினால் மோட்டரை நிற்பாட்டத் தன் பலகைக்குத் தெரியும். ஆனால் கிணற்றுக்கு ஆற ஒரு நாள் இல்லாமல் போனால், ஒவ்வொருவரின் முறையிலும் மோட்டர் பாதியில் நின்று நின்றே தோட்டம் காய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா பயணப் பெட்டி கட்டிவிடுவார்.

அண்ணனைப் பார்த்தாள். அவன் காலி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவனாக நின்று அழுதுகொண்டிருந்தான். அவளால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

குலசிங்கத்தார் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். மகனிடமிருந்து வாளியை வாங்கிக் கிணற்றுக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் கனகசபை மாமாவோடை கதைக்கிறன், அப்பா. திருப்பித் தரச் சொல்லிக் கேக்கிறன்," என்றான் சுஜிதன்.

"கேள். அவர் மனசார ஓமெண்டால் சந்தோசம். இல்லையெண்டால் வைச்ச ஒப்பம் வைச்சதுதான்." அவர் மகள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ அந்தக் கம்பியைச் சேர். பங்குக்காரன் தன்ரை முறைக்கு வந்து நிக்கேக்கை சுவிச்சு செத்துக் கிடக்கக் கூடாது. நாங்கள் ஆற்றையும் தண்ணியை மறிச்ச ஆக்கள் இல்லை."

துஷாந்தி பெட்டிக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நாளைக்குச் சேர்க்கிறன், அப்பா," என்றாள். கதவை மெல்லச் சாத்தினாள். "இண்டைக்கு இன்னும் அண்ணையின்ரை நாள்தான். கிணறு ஆறட்டும்."